முள்வால் உடும்பு முட்டைகள்: வாசகர் கேள்வி பதில்

வீட்டில் வளர்க்கும் சிறு உடும்புகளைப் பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ‘ஆக்கி’ பற்றியவை. வாரனஸ் அகாந்துரஸ் என்ற இந்த முள்வால் உடும்பு, வட ஆஸ்திரேலியாவின் பாறை நிலங்களில் வாழ்வது. தலை முதல் வால் நுனி வரை 60-70 செ.மீ. இருக்கும். எதிரி வந்தால் பாறை இடுக்கில் புகுந்து, முள் நிறைந்த வாலால் வாசலை அடைத்துக்கொள்ளும். கீழே வரும் வெப்ப அளவுகள் எல்லாம் செல்சியஸ்.

கேள்வி: எங்கள் ஜோடி நன்றாக இணைசேர்கிறது. பெண்ணின் வயிறும் பருக்கிறது. ஆனால் முட்டைகளைப் புதைக்காமல் தண்ணீர்த் தொட்டியிலும் கல்லின் மேலும் ஒவ்வொன்றாகப் போட்டுவிடுகிறது. கூண்டுத் தரையில் 10 செ.மீ. மணல் இருக்கிறது. எங்கே தவறு? (வாசகர், மெல்பர்ன்)

மணலில்தான். காய்ந்த மணலில் வளை நிற்காது. தோண்டத் தோண்டச் சரியும். பிடித்த இடம் கிடைக்காத பெண் முட்டையை அடக்கி வைத்துக்கொண்டு நாள்கணக்கில் தேடும். அடக்க முடியாமல் போகும்போது கண்ட இடத்தில் போடும். உங்களுடையது வெளியே போட்டவரைக்கும் தப்பித்தது. உள்ளேயே தங்கிவிட்டால் முட்டை கெட்டு, மஞ்சள்கரு வயிற்றுக்குள் கசிந்து, தாய் இறந்துவிடும். வளர்ப்பில் இளம் பெண் ஆக்கிகள் சாவதற்கு இது பெரிய காரணம். குஞ்சு வேண்டாம் என்பவர்களும் பெண்ணை வளர்த்தால் முட்டையிடும் இடத்தை அமைத்தே ஆக வேண்டும்.

உரம் கலக்காத தோட்டத்து மேல்மண் இரண்டு பங்கு, கழுவிய மணல் ஒரு பங்கு. மேல்மண்ணில் கொஞ்சம் களி இருந்தால் நல்லது, வளை இடியாது. கடையில் வாங்கும் தொட்டிச்செடிக் கலவை வேண்டாம். அதில் உரமும் மரத்தூளும் இருக்கும். தண்ணீர் விட்டுப் பிசைந்து ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். பிடி உடையாமல் நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. ஆழம் 40 செ.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். 60 இருந்தால் இன்னும் நல்லது. அடிமண்ணின் வெப்பம் 28-30 டிகிரி. இதை ஊகிக்காதீர்கள். முனை நீண்ட வெப்பமானியை அடிவரை செருகிப் பாருங்கள். மேல் மண் 35 காட்டும்போது அடியில் 22 இருப்பதுண்டு. அப்படிப்பட்ட மண்ணில் பெண் தோண்டும், தோண்டும், விட்டுவிட்டுப் போய்விடும்.

மண்ணுக்குச் சூடு மேலிருந்து விளக்கிலும், அறையின் வெப்பத்திலும் வரட்டும். தொட்டிக்கு அடியில் வெப்பப் பாய் வைத்தால் அடிமண் முதலில் காயும். பெண் முட்டையிடுவதும் அங்கேதான்.

எடையையும் கணக்கில் எடுங்கள். 6 அடிக்கு 3 அடி கூண்டு முழுவதும் 40 செ.மீ. ஈரமண் நிரப்பினால் ஏறக்குறைய ஒரு டன் வரும். மாடி வீட்டில் அது நடக்காத காரியம். கூண்டில் மூன்றில் ஒரு பங்கைப் பலகை வைத்துத் தடுத்து, விளக்குக்குப் பக்கமான அந்தப் பகுதியை மட்டும் ஆழமாக்குங்கள். மண்ணின் மேல் ஒரு தட்டைக் கல்லோ மரப்பட்டையோ போட்டு வையுங்கள். வெட்டவெளியில் தோண்டுவதைவிடக் கூரை போன்ற ஒன்றின் கீழ் தோண்டவே பெண்ணுக்குப் பிடிக்கும்.

இணைசேர்ந்து மூன்று முதல் ஐந்து வாரத்தில் முட்டை வரும். கடைசி வாரத்தில் தீனி குறையும், பின்னங்காலுக்கு முன்னால் விலாவில் முட்டைகள் புடைத்துத் தெரியும், அங்கும் இங்கும் சோதனைக் குழிகள் தோன்றும். அப்போது ஆணை வேறு கூண்டுக்கு மாற்றிவிடுங்கள். இட்டுவிட்டதா என்று தினமும் மண்ணைக் கிளறாதீர்கள். இட்டபின் பெண்ணைப் பார்த்தாலே தெரியும்: வயிறு ஒட்டி, விலாத்தோல் மடிந்து, மூக்கில் மண் ஒட்டியிருக்கும், தீனிக்குப் பாய்ந்து வரும்.

ஒரு வாரம் தோண்டியும் இடாமல், வெயில் காய்வதையும் விட்டுச் சுருண்டு கிடந்தால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். வயிற்றை அமுக்குவது, எண்ணெய் விடுவது போன்றவை முட்டையை உள்ளேயே உடைத்துவிடும்.

கேள்வி: வெயில் காயும் இடத்தில் 40 டிகிரி வைத்திருக்கிறேன். இருவரும் நாள் முழுக்க விளக்கடியிலேயே படுத்திருக்கிறார்கள். இணைசேர்வதே இல்லை. (வாசகி, லெஸ்டர்)

40 போதாது. விளக்கடியில் பலகையின் மேற்பரப்பு 55 முதல் 65 டிகிரி வரை இருக்க வேண்டும். கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் உடும்பு அந்தச் சூட்டுக்குத் தன் உடம்பைக் கொண்டுபோவதில்லை. உடல் வெப்பம் 35-38 ஆனதும் இறங்கிப் போய்விடும். சூடான பரப்பு என்றால் சில நிமிடத்தில் வேலை முடியும். மீதி நேரம் வேட்டையாடவும் தோண்டவும் இணைசேரவும் கிடைக்கும். நாள் முழுக்க விளக்கடியில் கிடப்பது சூடு பற்றவில்லை என்பதற்கான அறிகுறி.

பெரிய வாட் விளக்கைத் தொலைவில் வைக்காதீர்கள்; கூண்டுக் காற்று காய்ந்துபோகும். 60-75 வாட் ஹாலோஜன் விளக்கை 15-20 செ.மீ. உயரத்தில், உடும்பு தொட முடியாதபடி வையுங்கள். அதன் கீழே ஒட்டுப்பலகைத் துண்டுகளை 3 செ.மீ. இடைவெளி விட்டு ஐந்தாறு அடுக்காகக் கட்டுங்கள். வளர்ப்போர் இதை ரீட்டிஸ் அடுக்கு என்பார்கள். மேல்தட்டு 60 என்றால் அதற்குக் கீழே 45, 38, 33 என்று தட்டுக்குத் தட்டுக் குறையும். ஒளிந்துகொண்டே தனக்கு வேண்டிய சூட்டை அது தேர்ந்துகொள்ளும். சூட்டை அகச்சிவப்பு வெப்பமானியால் அளவெடுங்கள். கூண்டின் குளிர்ந்த மூலை 24-26 இருக்க வேண்டும். அதுவும் சூடாகிவிட்டால் தப்பிக்க இடமில்லாமல் போகும்.

கூண்டின் மேற்புறம் வலையாக இருந்தால் பலகை போட்டு மூடுங்கள். வலை வழியாக ஈரம் முழுவதும் போய்விடும். வறட்சி மெல்லக் கொல்லும்: முதலில் சிறுநீரகம், பிறகு மூட்டுகளில் யூரிக் அமிலம். பாலைவனத்து விலங்குதானே என்று நினைப்பவர்கள் அதன் வளைக்குள் கை விட்டுப் பார்த்தால் ஈரம் புரியும்.

கேள்வி: வாங்கிய இரண்டும் ஆணா பெண்ணா என்றே தெரியவில்லை.

குஞ்சில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சொல்லி விற்பவரை நம்பாதீர்கள். வளர்ந்த ஆணுக்கு வால் அடியில், மலத்துவாரத்தின் இருபுறமும் முள் செதில்கள் கொத்தாக நிற்கும். தலையும் அகலமாக இருக்கும். பெண்ணுக்கும் இந்த முட்கள் சிறிதாக உண்டு என்பதால் ஒன்றை மட்டும் பார்த்து முடிவு கட்ட முடியாது. பலவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நான்கைந்து குஞ்சுகளைச் சேர்த்து வளர்த்து, அவை தாமாக ஜோடி சேர விடுவதே நம்பகமான வழி. தீனி நிறையக் கிடைத்தால் ஒரு வயதுக்குள்ளேயே பெண் முட்டையிடும். ஆனால் ஒன்றரை வயது வரை ஆணைச் சேர்க்காமல் இருப்பது அதன் உடம்புக்கு நல்லது.

கேள்வி: முட்டைகளைக் கண்டுபிடித்துவிட்டேன். எடுத்து எப்படி வைப்பது? எனக்கு அளவுகளோடு வேண்டும். (வாசகர், பிரிஸ்பேன்)

கரண்டி வேண்டாம், விரலால் பக்கவாட்டிலிருந்து மண்ணை விலக்குங்கள். முட்டை வெள்ளையாக, தோல் போல மெத்தென்று, சுமார் 3 செ.மீ. நீளம் இருக்கும். ஆறு முதல் பன்னிரண்டு வரை எதிர்பார்க்கலாம், கூடுவதும் உண்டு. ஒவ்வொன்றையும் தூக்குமுன் மேற்புறத்தில் மென்மையான பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். மார்க்கர் பேனா கூடாது. அதன் கரைப்பான் ஓடு வழியாக உள்ளே போகும். இட்ட முதல் நாளுக்குள் முட்டை புரண்டாலும் பெரிய பாதகமில்லை. அதன் பிறகு கரு ஓட்டின் மேற்பகுதியில் ஒட்டிக்கொள்ளும், புரட்டினால் இறக்கும். ஒன்றோடொன்று ஒட்டிய முட்டைகளைப் பிரிக்காமல் கொத்தாகவே வையுங்கள்.

மூடியுள்ள 2 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று எடுங்கள். உலர்ந்த வெர்மிகுலைட் (தோட்டக்கடையில் கிடைக்கும், நீரைப் பிடித்து வைக்கும் கனிமத் துகள்) 100 கிராம், தண்ணீர் 80 கிராம். இரண்டையும் தராசில் நிறுக்க வேண்டும், கோப்பையால் அளந்தால் கணக்கு முழுக்கத் தப்பும். வெர்மிகுலைட் மிக இலேசானது. கோப்பைக்குக் கோப்பை என்று தண்ணீர் ஊற்றினால் பத்து மடங்கு நனைந்த சேறாகிவிடும். பாதிப் பெட்டி நிரம்பும். விரலால் குழிசெய்து, முட்டையில் பாதி வெளியே தெரியும்படி, ஒன்றோடொன்று தொடாமல் பதியுங்கள். மூடியில் 2 மி.மீ. துளை மூன்று. பெட்டியை மூடியோடு நிறுத்து, எடையையும் தேதியையும் மூடியிலேயே எழுதிவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மீண்டும் நிறுங்கள். குறைந்த எடை போன தண்ணீர். அதே அளவு, அதே வெப்பத்தில் உள்ள தண்ணீரைப் பெட்டியின் மூலையில் ஊற்றுங்கள், முட்டைமேல் ஒரு சொட்டும் படக்கூடாது. முட்டைகளும் தண்ணீரை உறிஞ்சுகின்றன, ஆனால் அந்த நீர் பெட்டிக்குள்ளேதான் இருக்கிறது. எடைக் கணக்கு அதனால் மாறாது. கண்ணால் பார்த்து ‘காய்ந்த மாதிரி இருக்கிறது’ என்று தெளிப்பதுதான் ஆபத்து.

இன்குபேட்டர் 29 டிகிரி. பழைய தெர்மோகோல் பெட்டியோ ஓடாத சிறு குளிர்சாதனப் பெட்டியோ போதும். உள்ளே வெப்ப வயர், நல்ல தெர்மோஸ்டாட், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் நான்கைந்து. மின்சாரம் போனாலும் கதவைத் திறந்தாலும் வெப்பம் சட்டென்று மாறாமல் பிடித்து வைப்பது அந்தப் பாட்டில்கள்தான். தெர்மோஸ்டாட்டின் முனையை முட்டைப் பெட்டிக்குப் பக்கத்தில், அதே உயரத்தில் கட்டுங்கள். அதோடு தொடர்பில்லாத இரண்டாவது வெப்பமானி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். தெர்மோஸ்டாட் பழுதானால் சொல்வதற்கு வேறு யாரும் இல்லை.

பத்தாம் நாளுக்குப் பிறகு இருட்டறையில், முட்டையைத் தூக்காமல், சிறு எல்.இ.டி. டார்ச்சைப் பக்கவாட்டில் ஒட்டிப் பிடியுங்கள். கரு கூடியிருந்தால் இளஞ்சிவப்பாக ஒளிரும், சிவப்பு நரம்புகள் வலை போலத் தெரியும். வெறும் மஞ்சளாகத் தெரிந்தால் அநேகமாகக் கூமுட்டை. ஆனாலும் அவசரப்பட்டுத் தூக்கி எறியாதீர்கள். நாற்றமோ ஒழுகலோ வரும் வரை இருக்கட்டும்.

கேள்வி: இரண்டு ஈட்டு (ஈடு: ஒரு தடவையில் இடும் முட்டைகள்) முட்டைகளும் மூன்று மாதம் நன்றாக இருந்தன. பெரிதாகிப் பளபளவென்று விறைத்து நின்றன. பொரிக்கவில்லை. திறந்தால் முழுதாக வளர்ந்த குஞ்சுகள் செத்துக் கிடந்தன. மனம் விட்டுப்போயிற்று. (வாசகி, சிட்னி)

அந்த வருத்தம் புரிகிறது. முட்டை முழுக்கப் பிழைத்துக் கடைசியில் போவதுபோல் வேதனை இல்லை. நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது: ‘விறைத்து நின்றன’. அது செழிப்பல்ல, ஈரம் மிகுந்ததன் அடையாளம்.

உடும்பு முட்டை சுற்றியுள்ள நீரை உறிஞ்சிப் பெரிதாகும். அளவாக உறிஞ்சினால் நல்லது. நனைந்த வெர்மிகுலைட்டில் அளவுக்கு மீறி உறிஞ்சும், உள்ளே அழுத்தம் கூடும், சில நேரம் ஓடே வெடித்துக் கசியும். இன்னொரு கேடும் உண்டு. ஓட்டின் நுண்துளைகள் வழியாகத்தான் கரு மூச்சுவிடுகிறது. ஓடு நனைந்திருந்தால் காற்று போகாது. முதல் இரண்டு மாதம் கருவுக்குச் சிறிதளவு ஆக்சிஜன் போதும் என்பதால் பிரச்சினை வெளியே தெரியாது. கடைசி மாதத்தில் குஞ்சு பெரிதாகி, தேவை உச்சத்துக்குப் போகும்போதுதான் மூச்சுமுட்டும். அதனால்தான் எல்லாம் சரியாகப் போய்க் கடைசியில் சாகின்றன.

அடுத்த ஈட்டுக்கு 100-க்கு 80 என்ற எடைக் கணக்கைத் தாண்டாதீர்கள். மூடியை வாரம் ஒருமுறை ஒரு நிமிடம் திறந்து விசிறி மூடுங்கள். கடைசி மாதத்தில் வாரம் இருமுறை. மூடியின் உட்புறம் நீர் கோத்து முட்டைமேல் சொட்டினால் பெட்டியைச் சற்றுச் சாய்த்து வையுங்கள், நீர் ஓரமாக வழியும். அறுபது நாளுக்குப் பிறகு தண்ணீர் சேர்ப்பதை நிறுத்திவிடலாம், மெல்லக் காய்வது கெடுதலல்ல. சிலர் முட்டையை எதிலும் பதிக்காமல், ஈரப் பெர்லைட்டுக்கு (இதுவும் வெர்மிகுலைட் போன்ற ஒரு கனிமத் துகள்) மேலே பிளாஸ்டிக் வலைத்தட்டில் வைக்கிறார்கள். ஈரத்தை அளவோடு வைக்கத் தெரியாதவர்களுக்கு அது நல்ல வழி, ஏனென்றால் முட்டை நீரைத் தொடுவதே இல்லை.

செத்த முட்டையைத் திறந்து பார்ப்பது கஷ்டமான வேலைதான், செய்யுங்கள். மஞ்சள்கரு பெரிதாக மிஞ்சி, உள்ளே நீர் நிறைந்திருந்தால் பெரும்பாலும் ஈரமும் காற்றின்மையும். முதுகு கூனி, வால் வளைந்திருந்தால் சூடு ஏறியிருக்கும். 31-32 தாண்டினால் இப்படி வரும். குஞ்சு முழுமையாக இருந்தும் ஓட்டைக் கீற வலுவில்லாமல் போயிருந்தால் தாயின் தீனியைப் பாருங்கள். வெறும் சுவர்க்கோழி மட்டும் தின்னும் தாய்க்கு முட்டைக்குள் வைக்கச் சத்து இருக்காது. சுவர்க்கோழிக்கும் கரப்பானுக்கும் கீரை, காரட் போட்டு வளர்த்து, கொடுக்கும்போது சுண்ணாம்புச்சத்துத் தூள் தூவி, வாரம் ஒருமுறை விட்டமின் தூளும் சேர்த்து, இடையிடையே எலிக்குஞ்சு கொடுங்கள். புற ஊதா விளக்கும் வேண்டும்.

கேள்வி: ஒரு முட்டையில் பூஞ்சணம். எடுத்துவிடலாமா?

உயிருள்ள முட்டை பெரும்பாலும் பூஞ்சணத்தைத் தாங்கும். பஞ்சுக்குச்சியால் உலரத் துடைத்து, அந்த முட்டையைப் புரட்டாமல் தனிப் பெட்டிக்கு மாற்றுங்கள். கொத்தில் ஒட்டியிருந்தால் அப்படியே விடுங்கள்.

கேள்வி: முதலைபோல வெப்பத்தை மாற்றினால் ஆண், பெண் என்று வேண்டியபடி பொரிக்க வைக்கலாமா? (வாசகர், டொரண்டோ)

முடியாது. உடும்புக்குப் பால் குரோமோசோமிலேயே தீர்மானமாகிறது: ஆண் இசட்-இசட், பெண் இசட்-டபிள்யூ, பறவைகளைப் போல. வெப்பத்தை மாற்றினால் நாள் கூடும் குறையும், ஊனம் வரும், பால் மாறாது.

இதை ஒட்டி ஒரு வியப்பான செய்தி. 2006-ல் இங்கிலாந்தின் செஸ்டர் விலங்குக்காட்சிசாலையில் ஆணையே பார்க்காத ஒரு கொமோடோ உடும்பின் முட்டைகளில் கரு கூடியிருந்தது தெரியவந்தது. பொரித்தவை எல்லாம் ஆண். தாயின் இசட் குரோமோசோம் இரட்டித்ததால் அப்படி. தனியாக வளரும் பெண்ணின் முட்டை பெரும்பாலும் கூமுட்டைதான், ஆனாலும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் கரையான் புற்றை இடித்தபோது உடும்பு முட்டைகள் கிடைத்தன. கோழி இன்குபேட்டரில் வைத்துப் பொரிக்கலாமா? (வாசகர், கோவை மாவட்டம்)

வேண்டாம். கோழி இன்குபேட்டர் 37.5 டிகிரியில் ஓடும், முட்டைகளை ஓயாமல் புரட்டும். உடும்புக் கருவை இந்த இரண்டில் எதுவானாலும் கொன்றுவிடும்.

அதைவிட முக்கியம் சட்டம். நம்மூர் உடும்பு 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. பிடிப்பதும் வைத்திருப்பதும் முட்டை எடுப்பதும் குற்றம். மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். முட்டைகள் கிடந்த நிலையிலேயே, மேல்பக்கம் மாறாமல் வைத்து, அதே புற்றுமண்ணால் மூடுங்கள். பிளந்த புற்றைக் கரையான்களே அடைத்துவிடும். புற்றுக்குள் வெப்பமும் ஈரமும் சீராக இருப்பதால்தான் தாய் அங்கே போட்டிருக்கிறது. அதைவிட நல்ல இன்குபேட்டர் உங்களிடமும் இல்லை, எங்களிடமும் இல்லை. மூட முடியாத நிலை என்றால் வனத்துறை அலுவலகத்துக்குச் சொல்லி அவர்களை வரவழையுங்கள்.

வெளிநாட்டு ஆக்கியை இந்தியாவில் வாங்க நினைப்பவர்களுக்கும் இதே இடத்தில் சொல்லிவிடுகிறோம். உடும்பு இனம் முழுவதும் காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்துக்குள் வருகிறது. அத்தகைய உயிர்களை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிவு செய்யாமல் வைத்திருக்க முடியாது. ஆஸ்திரேலியாவிலும் உரிமம் பெற்றே வளர்க்க வேண்டும். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

கேள்வி: பச்சை மர உடும்புக்கும் இதே முறைதானா?

முட்டைப் பெட்டி ஏறக்குறைய அதேதான், 28-30 டிகிரி. ஆனால் ஈட்டுக்கு இரண்டு முதல் ஐந்து முட்டைதான் இருக்கும், பொரிக்க ஐந்து மாதத்துக்கு மேலாகும். நியூ கினி மழைக்காட்டு உயிர் என்பதால் முட்டையிடும் இடம் தரையில் இருக்கக் கூடாது. உட்குடைந்த மரத்தண்டு அல்லது மரப்பெட்டியை உயரத்தில் கட்டி, ஈரப்பாசி நிரப்பி, உள்ளே 29 டிகிரி இருக்கும்படி செய்யுங்கள். காட்டில் பிடித்ததை வாங்காதீர்கள். இந்தோனேசியாவின் பட்டாண்டா தீவில் வாழும் நீல மர உடும்பு 2001-ல்தான் அறிவியலுக்கு அறிமுகமானது, இன்று அழியும் நிலையில் இருக்கிறது. அதற்கு வணிகப் பிடிப்பும் காரணம்.

கேள்வி: 104 நாள் ஆகிறது. ஒரு முட்டை குழி விழுந்து வியர்த்திருக்கிறது. கீறிவிடலாமா? பொரித்த குஞ்சை எப்படிப் பார்ப்பது? (வாசகர், டார்வின்)

கீறாதீர்கள். 29 டிகிரியில் மூன்று முதல் நான்கு மாதத்துக்குள் பொரிக்கும். அதற்குச் சற்று முன் முட்டை சுருங்குவதும் ஓட்டில் நீர்த்துளி அரும்புவதும் இயல்பு. குஞ்சு ஓட்டைக் கீறி மூக்கை நீட்டிவிட்டு, ஒரு நாளோ அதற்கு மேலோ அப்படியே கிடக்கும். சோர்ந்துபோனதாக நினைத்து இழுக்காதீர்கள். வயிற்றில் மீதி மஞ்சள்கரு உள்ளே போய்க்கொண்டிருக்கிறது, இழுத்தால் அது கிழியும். முதல் குஞ்சுக்கும் கடைசிக் குஞ்சுக்கும் சில நாள் இடைவெளி இருக்கலாம். மற்றவை எல்லாம் வெளிவந்து இரண்டு நாள் கழிந்தும் ஒன்று மட்டும் கீறாமல் சுருங்கிக்கொண்டே போனால், நுனிக் கத்தரிக்கோலால் மேல் ஓட்டில் மட்டும் 5 மி.மீ. திறந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

வெளிவந்ததை முதல் ஓரிரு நாள் ஈரக் காகிதத்துண்டு விரித்த பெட்டியில், இன்குபேட்டருக்குள்ளேயே விடுங்கள். தொப்புள் மூடியதும் 60 செ.மீ. நீளப் பெட்டிக்கு மாற்றலாம். 10 செ.மீ. ஈரமண், பட்டைத் துண்டுகள், 50 டிகிரிக்கு மேல் சூடுள்ள ஒரு சிறு அடுக்கு. குஞ்சு சீக்கிரம் காய்ந்துவிடும், மண்ணில் ஈரம் குறையவே கூடாது. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு ஆழத்தைக் குறையுங்கள், மூழ்கிச் சாவதுண்டு. மூன்றாம் நாளுக்குப் பிறகு, தலையின் அகலத்தைவிடச் சிறிய சுவர்க்கோழிக் குஞ்சுகள், சுண்ணாம்புத்தூள் தூவி, தினமும். தின்னாமல் மிஞ்சியதை மாலையில் எடுத்துவிடுங்கள், பசித்த சுவர்க்கோழி தூங்கும் குஞ்சின் கால் விரலைக் கடிக்கும். சேர்த்து வளர்ப்பவர்கள் வால் நுனிகளையும் விரல்களையும் தினம் பாருங்கள். ஒன்று மட்டும் வளராமல் பட்டைக்கடியிலேயே இருந்தால் அதைத் தனியாகப் பிரியுங்கள்.

தாயையும் மறக்க வேண்டாம். நன்றாகத் தின்றால் அடுத்த ஓரிரு மாதத்திலேயே மறுபடி முட்டை பிடிக்கும். இட்ட மறுநாளே அதை நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். இணைசேர்வதற்கு முன்பிருந்த எடையை அது எட்டும்வரை ஆணைத் திரும்பச் சேர்க்காதீர்கள்.